ஜப்பான் போறியா தங்கச்சி? இதைப் படிச்சிட்டுக் கிளம்பு

டிக்கெட் போட்டாச்சுன்னதும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "அக்கா, அங்கே என்னென்ன பார்க்கணும்?" ஃபூஜி மலை, கியோட்டோ கோயில்கள், ஷிபுயா சிக்னல்னு அந்த லிஸ்ட் எந்த டிராவல்ஸ்காரர்கிட்ட கேட்டாலும் கிடைக்கும். நான் அதைச் சொல்ல வரலை. காலையில ரயில் ஏறுறது, பசிச்சா என்ன சாப்பிடுறது, கையில இருக்குற குப்பையை எங்கே போடுறது, ஒருத்தர் வீட்டு வாசல்ல செருப்பை எப்படிக் கழட்டுறது, இதெல்லாம்தான் உன் நாளைச் சுகமாவோ சங்கடமாவோ ஆக்கும். நம்மால பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தொந்தரவு வரக்கூடாதுங்கிற நினைப்பு அந்த ஊர்ல எல்லா இடத்துலயும் இருக்கு. அதை மனசுல வெச்சுக்கிட்டா, யாரும் சொல்லித்தராத பாதி விஷயம் உனக்கே புரிஞ்சிடும்.

கிளம்புறதுக்கு முன்னாடி

அம்மாவோ மாமியாரோ கூட வர்றதா இருந்தா, முதல்ல மாத்திரை டப்பாவைப் பாரு. டாக்டர் சீட்டோட ஒரு மாசத்துக்கான மருந்தைக் கொண்டு போகலாம். அதுக்கு மேல வேணும்னா முன்கூட்டியே ஜப்பான் அரசாங்கத்துகிட்ட அனுமதி வாங்கணும். சளிக்கு நாம கடையில வாங்குற சில மாத்திரையில சூடோஎஃபெட்ரின் இருக்கும். அது 10 சதவீதத்துக்கு மேல கலந்த மருந்தை ஜப்பானுக்குள்ள கொண்டு போறதே சட்டப்படி குத்தம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்துக்கும் கட்டுப்பாடு உண்டு. அட்டையைத் திருப்பி, உள்ளே என்ன இருக்குன்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோ. இது சின்ன விஷயம்னு விட்டுடாதே.

சாப்பாட்டு மூட்டையில கறி சேர்ந்த எதுவும் வேண்டாம். சிக்கன் ஊறுகாய், மட்டன் தொக்கு எல்லாம் ஏர்போர்ட்லயே பிடிபடும். பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், பச்சை மிளகாயும் கூடாது. சீல் பண்ணின பாக்கெட்ல பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் எடுத்துக்கோ. இதுங்க எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்.

அங்கே கரண்ட் 100 வோல்ட். பிளக்குக்கு ரெண்டு தட்டையான முள். போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் பெரும்பாலும் வேலை செய்யும், பின் மாத்துற அடாப்டர் மட்டும் போதும். நம்ம ஊர் குக்கர், ஹேர் டிரையரைக் கொண்டு போனா வீண் சுமை.

காலுக்கு, குனியாமக் கழட்டி மாட்டுற ஷூ. கோயில், சில ஹோட்டல், சாப்பாட்டுக்கடைன்னு ஒரு நாள்ல எத்தனையோ தடவை கழட்டணும். அம்மாவுக்குக் கயிறு கட்டுற ஷூ வாங்கிக் கொடுத்து அவஸ்தைப்பட வெக்காதே. சாக்ஸ்ல ஓட்டை இல்லாமப் பார்த்துக்கோ.

இமிக்ரேஷனுக்கும் கஸ்டம்ஸுக்கும் 'விசிட் ஜப்பான் வெப்'னு அரசாங்கத் தளம் இருக்கு. வீட்டுலயே விவரத்தைப் போட்டு க்யூஆர் கோடை எடுத்து வெச்சுக்கிட்டா, இறங்கின அலுப்புல ஃபாரம் நிரப்புற வேலை மிச்சம். பாஸ்போர்ட்டை ரூம்ல பூட்டி வெக்காதே. வெளிநாட்டுல இருந்து வர்றவங்க அதை எப்பவும் கையில வெச்சிருக்கணும்னு அங்கே சட்டமே இருக்கு.

ரயில்தான் அங்கே எல்லாம்

இறங்கினதும் சூயிகா, பாஸ்மோ, இக்கோகா, இதுல ஏதாவது ஒரு கார்டை வாங்கிடு. பேர்தான் ஊருக்கு ஊர் வேற, பெரிய ஊர்கள்ல எது எடுத்தாலும் எங்கேயும் செல்லும். ரயில், பஸ், கடை, தெருவோர மெஷின்ல டீ, எல்லாத்துக்கும் அதே கார்டைத் தட்டினாப் போதும். ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒரே கார்டுல ரெண்டு பேர் போக முடியாது. 6 வயசு ஆகாத குழந்தைக்கு, பெரியவங்க கூட வந்தா, சாதாரண ரயில்ல டிக்கெட் இல்லை. 6ல இருந்து 11 வயசு வரைக்கும் அரை டிக்கெட்.

எல்லாரும் ஜேஆர் பாஸ் வாங்கச் சொல்லுவாங்க. கணக்குப் போட்டுட்டு வாங்கு. ஏழு நாள் பாஸை 2023 அக்டோபர்ல 29,650 யென்ல இருந்து ஒரேயடியா 50,000 யென்னுக்கு ஏத்திட்டாங்க. டோக்கியோவுல இருந்து கியோட்டோவுக்கு புல்லட் ரயில் ஒரு வழிக்கு சுமார் 14,000 யென்தான். போயிட்டு வந்தாலும் 28,000 ஆகும். இந்த ரெண்டு ஊர் மட்டும்னா தனித்தனி டிக்கெட்டே லாபம். ஹிரோஷிமா, கனசாவான்னு நாலு ஊர் சுத்துறவங்களும் முதல்ல மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கட்டும். டோக்கியோவுல இருந்து கியோட்டோ பக்கம் போகும்போது வலது பக்க ஜன்னல் சீட், சாதாரண வகுப்புல 'ஈ' வரிசை, கேட்டு வாங்கு. மேகம் இல்லாட்டி ஃபூஜி மலை அந்தப் பக்கம்தான் தெரியும்.

நம்ம ஊர்க்காரங்க கிட்ட எப்பவும் பெரிய பெட்டிதான் இருக்கும். நீளம், அகலம், உயரம் மூணையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினா, டோக்கியோ-கியோட்டோ வழி புல்லட் ரயில்ல பெட்டிக்கு இடம் இருக்குற சீட்டா முன்னாடியே பதிவு பண்ணணும். அதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு. பெட்டியை ஹோட்டல் ரிசப்ஷன்ல கொடுத்து, அடுத்த ஊர் ஹோட்டல் விலாசத்தைச் சொல்லிடு. கறுப்புப் பூனை படம் போட்ட யமாட்டோ வண்டி வந்து எடுத்துட்டுப் போகும். பெரும்பாலும் மறுநாள் உனக்கு முன்னாடியே பெட்டி அங்கே போய் நிக்கும். 1976ல ஆரம்பிச்ச இந்த வீட்டுக்கு வீடு பார்சல் சேவையை அங்கே பாட்டிமாருங்க கூடப் பயன்படுத்துறாங்க. ஒரு பெட்டிக்கு ரெண்டாயிரம் யென்னுக்கு மேல ஆகும். வயசானவங்க கூட வந்தா அந்தக் காசு செலவழிக்க வேண்டிய காசு. ஒரு ராத்திரிக்கான துணியை மட்டும் கைப்பையில வெச்சுக்கோ.

பிளாட்பாரத்துல கோடு போட்டிருக்கும், அதுல வரிசையா நில்லு. கதவு திறந்ததும் ரெண்டு பக்கமும் ஒதுங்கி, இறங்குறவங்க இறங்கின பிறகு ஏறு. ரயிலுக்குள்ள போன் பேசக்கூடாது, ரிங் சத்தமும் கேக்கக்கூடாது. வீடியோ கால்ல வீட்டுக்குக் காட்டுற ஆசை எல்லாருக்கும் வரும். இறங்கினப்புறம் காட்டிக்கலாம். கூட்டத்துல முதுகுப்பையைக் கழட்டி முன்னாடி மாட்டிக்கோ. பெரிய ஊர்கள்ல காலைக் கூட்ட நேரத்துக்குப் பெண்களுக்குன்னு தனிப் பெட்டி விடுறாங்க, பிளாட்பாரத்துத் தரையிலயே ரோஸ் கலர்ல குறி போட்டிருக்கும். குழந்தையோட போறப்போ அதுல ஏறிக்கோ.

எஸ்கலேட்டர்ல டோக்கியோக்காரங்க இடது பக்கம் நிப்பாங்க, ஒசாகாவுல வலது பக்கம். முன்னாடி நிக்கிறவங்களைப் பார்த்து நின்னுடு. நடந்து ஏறாம ரெண்டு பக்கமும் நில்லுங்கன்னு இப்போ போஸ்டர் ஒட்டுறாங்க. சைத்தாமா மாநிலம் 2021லயே அதுக்கு விதியும் கொண்டு வந்துடுச்சு.

ஷின்ஜுக்கு ஸ்டேஷன்ல மட்டும் கவனமா இரு. உலகத்துலயே அதிகக் கூட்டம் வந்து போற ஸ்டேஷன்னு கின்னஸ்ல இடம் பிடிச்சது. வாசல் மட்டும் 200 கிட்ட இருக்கு. எந்த வாசல்னு போன்ல பார்த்து வெச்சுக்கிட்டு, மஞ்சள் போர்டைத் தொடர்ந்து போ. தள்ளுவண்டிக் குழந்தையோ முட்டி வலி அம்மாவோ கூட இருந்தா, லிஃப்ட் எந்த வாசல்ல இருக்குன்னு முதல்ல தேடு. அப்புறம், ராத்திரி பன்னெண்டு, பன்னெண்டரை வாக்குல ரயில் நின்னுடும். காலையில அஞ்சு மணி வாக்குலதான் மறுபடி ஓடும். கடைசி ரயிலை விட்டா டாக்ஸிதான், பர்ஸ் காலியாகும். டாக்ஸியோட பின்கதவு தானாத் திறந்து தானா மூடும். நீ கை வெக்காதே, டிரைவர் பார்த்துப்பார்.

சைவம் சாப்பிடுறவங்க இதைக் கட்டாயம் படிங்க

ஜப்பான்ல சைவம்னா, கண்ணுக்குத் தெரியுற மீனை ஒதுக்கிட்டா முடிஞ்சுபோற காரியம் இல்லை. அவங்க சமையலுக்கு அடித்தளமே 'தாஷி'ங்கிற ஒரு தெளிசாறு. சூரை வகை மீனை வேகவெச்சு, புகை போட்டுக் கட்டை மாதிரிக் காயவெச்சு, அதை மெல்லிசாச் சீவி வென்னீர்ல போட்டு எடுக்குறதுதான் பெரும்பாலான கடைகள்ல தாஷி. மிசோ சூப், நூடுல்ஸ் ஊத்துற சாறு, காய்கறி டெம்புராவுக்குத் தொட்டுக்குற சாஸ், முட்டை ரோல், டோஃபு மேல தூவுற சீவல், எல்லாத்துலயும் அது இருக்கும். நாம தண்ணி ஊத்திச் சமைக்குற மாதிரி அவங்களுக்கு அது சாதாரணம். அதனால, "இதுல மீன் இருக்கா?"ன்னு கேட்டா, மனசார "இல்லை"ன்னுதான் பதில் வரும். "மீன் தாஷி இருக்கா?"ன்னு தனியாக் கேளு.

"நிகு மோ சகனா மோ தாபெமாசென், கத்சுவோ தாஷி மோ தாமெ தெஸ்." கறியும் மீனும் சாப்பிட மாட்டோம், மீன் தாஷியும் கூடாதுன்னு அர்த்தம். இதை ஜப்பான் எழுத்துல ஒரு அட்டையில அச்சடிச்சுப் பையில வெச்சுக்கோ. கியோட்டோவுல, கணவன் மனைவி நடத்துற சின்ன நூடுல்ஸ் கடை ஒண்ணுல நான் அந்த அட்டையை நீட்டினேன். அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு நிதானமாப் படிச்சாங்க. உள்ளே போய், சீவல் இருந்த பாக்கெட்டையே எடுத்துட்டு வந்து, அதுல போட்டிருந்த மீன் படத்தை விரலால தொட்டுக் காட்டி, ரெண்டு கையையும் நெஞ்சுக்கு நேரா எக்ஸ் மாதிரிக் குறுக்க வெச்சாங்க. எங்களால முடியாதுன்னு அர்த்தம். எந்திரிக்கப் போனோம், கையமர்த்தினாங்க. கொஞ்ச நேரத்துல சுடச்சுடச் சாதம், மேல உப்பும் எள்ளும் தூவி, பக்கத்துல கத்தரிக்காய் ஊறுகாயும் கடல்பாசித் தாளும் வந்துச்சு. ஏதோ கிடைச்சதைக் கொடுத்து ஏமாத்தி அனுப்பணும்னு அவங்களுக்குத் தோணவே இல்லை. அந்த அட்டை இல்லாட்டி அந்தச் சாதமும் கிடைச்சிருக்காது.

நல்ல சைவ விருந்து வேணும்னா புத்தக் கோயில் சமையல் இருக்கு, 'ஷோஜின் ரியோரி'ன்னு கேளு. கடல்பாசியும் காளானும் போட்டு எடுத்த தாஷி, விதவிதமா டோஃபு, எள்ளுல செஞ்ச பதார்த்தம், மலைக்கீரைன்னு சின்னச் சின்னக் கிண்ணத்துல வரும். பூண்டு, வெங்காயம் கூடச் சேர்க்க மாட்டாங்க. கோயாசான் மலையில புத்த மடங்கள்லயே தங்கிச் சாப்பிடலாம். என் கணக்குல, ஜப்பான்ல ஒரு ராத்திரிக்குக் கூடுதல் காசு செலவழிக்கணும்னா அங்கே செலவழி. அம்மா மாதிரி ஆச்சாரம் பார்க்குறவங்களும் சந்தேகமில்லாமச் சாப்பிடலாம்.

அன்னாடத்துக்கு கொன்பினிதான் கை கொடுக்கும். செவன் லெவன், லாசன், ஃபேமிலிமார்ட்னு தெருவுக்குத் தெரு இருக்குற, பெரும்பாலும் ராத்திரியும் திறந்திருக்குற சின்னக் கடைங்க. நாடு முழுக்க அம்பதாயிரத்துக்கும் மேல இருக்கு. பணம் எடுக்குற மெஷின், ஜெராக்ஸ், டிக்கெட் பிரின்ட், பல கடைகள்ல டாய்லெட் கூட உண்டு. அங்கே வெறும் உப்புச் சாத உருண்டை, வேகவெச்ச பச்சை சோயா, வாழைப்பழம், குளிர்காலத்துல சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு கிடைக்கும். புளிப்பு உமே காய் வெச்ச உருண்டையில கூடச் சிலதுல மீன் சீவல் சேர்ப்பாங்க. போன் கேமராவால மொழிபெயர்த்துப் பார்த்துட்டு வாங்கு. ரொட்டியிலயும் குழம்பு வெக்குற மசாலாக் கட்டியிலயும் பன்னிக் கொழுப்போ மாட்டுக் கொழுப்போ இருக்கலாம், அதையும் பாரு.

இப்போ ஊறுகாய் கதைக்கு வர்றேன். சூப்பர் மார்க்கெட்ல ரெண்டு நிமிஷம் மைக்ரோவேவ்ல சூடு பண்ணினா சாதமாகிற பாக்கெட் இருக்கு. சர்க்கரை போடாத கெட்டித் தயிர் டப்பா எல்லாக் கடையிலயும் இருக்கு. அவங்க அரிசி இயல்பாவே குழைவா, ஒட்டுற மாதிரி இருக்குறதால தயிர்சாதத்துக்கு அருமையாப் பொருந்தும். உப்புப் போட்டுப் பிசைஞ்சு, நீ கொண்டு போன எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கிட்டா, குழந்தையும் சாப்பிடும், அம்மாவும் சாப்பிடுவாங்க. இட்லி, தோசைதான் வேணும்னா டோக்கியோவுல நிஷி கசாய்ப் பக்கம் போ. நம்ம நாட்டு ஐடி குடும்பங்க நிறைய இருக்குற இடம். மளிகை சாமானும் கிடைக்கும்.

அசைவம் சாப்பிடுறவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்லை, கொடுத்து வெச்சவங்க. சாயங்காலம் கடை மூடுற நேரத்துக்குப் பெரிய கடைகளோட அடித்தளத்துக்குப் போனா, சாப்பாட்டுப் பெட்டி மேல தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. சில நேரம் பாதி விலைக்குக் கூட வரும்.

உட்கார்ந்து சாப்பிடுறப்போ ரெண்டு விஷயம் ரொம்ப முக்கியம். குச்சியைச் சாதத்துல செங்குத்தாக் குத்தி வெக்காதே. இறந்தவங்களுக்குப் படைக்குறப்போதான் அப்படி வெப்பாங்க. உன் குச்சியில இருந்து இன்னொருத்தர் குச்சிக்கு எதையும் மாத்தாதே. தகனம் முடிஞ்சு எலும்பு எடுக்குற சடங்குல அப்படித்தான் குச்சிக்குக் குச்சி மாத்துவாங்க. குழந்தைங்க விளையாட்டா ரெண்டையும் செய்யும், முன்னாடியே சொல்லி வை. மத்தபடி நூடுல்ஸைச் சத்தமா உறிஞ்சலாம், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. டிப்ஸ் வெக்காதே. மேஜையில காசை விட்டுட்டு வந்தா, மறந்துட்டீங்கன்னு பின்னாடியே ஓடி வந்து கொடுப்பாங்க.

காசு, கடை

நூறு யென்னுக்கு ஐம்பத்தஞ்சு, அறுபது ரூபாய்னு தோராயமாக் கணக்கு வெச்சுக்கோ. கல்லாவுல ஒரு சின்னத் தட்டு இருக்கும். காசைக் கையில நீட்டாம அந்தத் தட்டுல வை, மீதியும் எண்ணிக் காட்டித்தான் வரும். கார்டு வாங்காத சின்னக் கடை, கோயில், கிராமத்துப் பஸ் இன்னும் நிறைய. அதனால ரொக்கம் கொஞ்சம் இருக்கணும். செவன் லெவன் மெஷின்ல வெளிநாட்டுக் கார்டு எடுக்கும்.

ஐயாயிரம் யென் புது நோட்டு கைக்கு வந்தா, அதுல இருக்குற பெண்ணைக் கொஞ்சம் பாரு. சுதா உமேகோ. 1871ல, ஆறு வயசுல, அரசாங்கமே கப்பலேத்தி அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பின குழந்தை. திரும்பி வந்து 1900ல பெண்களுக்குன்னு ஆங்கிலப் பள்ளி ஆரம்பிச்சாங்க. அது இன்னைக்கு சுதா பல்கலைக்கழகமா நிக்குது. 2024 ஜூலையில வந்த நோட்டு இது. உன் பொண்ணு கையில கொடுத்து இந்தக் கதையைச் சொல்லு.

வீடு, டாய்லெட், குளியல்

யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டா அது பெரிய மரியாதை. சும்மாப் போகாதே, நம்ம ஊர் முந்திரியோ நல்ல டீத்தூளோ அழகாப் பொட்டலம் கட்டி ரெண்டு கையாலயும் கொடு. வாசல்ல ஒரு படி தாழ்வா இடம் இருக்கும். அங்கேயே செருப்பைக் கழட்டி, மேல ஏறி, அப்புறம் குனிஞ்சு அதோட முனை வாசலைப் பார்க்குற மாதிரித் திருப்பி வை. உள்ளே போட்டுக்க ஒரு ஸ்லிப்பர் தருவாங்க. பாய் விரிச்ச ரூமுக்குள்ள அதையும் கழட்டணும். டாய்லெட்டுக்குன்னு வேற ஸ்லிப்பர் இருக்கும், வெளியே வந்ததும் அதை அங்கேயே விட்டுடு. நமக்குக் கோயிலும் அடுப்படியும் பழக்கம்தானே, கஷ்டமா இருக்காது.

வெளிநாடு போற நம்ம பெண்களுக்கு டாய்லெட்ல தண்ணி இருக்குமாங்கிற கவலைதான் பெருசு. ஜப்பான்ல அந்தக் கவலையே வேண்டாம். டோட்டோ கம்பெனி 1980ல தண்ணி பீச்சுற சீட்டைக் கொண்டு வந்தது. இப்போ ஹோட்டல், ஸ்டேஷன், கடைன்னு பெரும்பாலான இடத்துல இருக்கு. பட்டன்ல நீர் பீய்ச்சுற படம் போட்டிருக்கும், நிறுத்துறதுக்குத் தனி பட்டன். அதை முதல்ல கண்டுபிடிச்சு வெச்சுக்கோ. பெண்கள் டாய்லெட்ல தண்ணி ஓடுற சத்தம் மட்டும் வர்ற ஒரு பட்டனும் உண்டு. வெளியே கேக்குமேன்னு கூச்சப்படுறவங்களுக்காக அது. பேப்பரைக் கோப்பைக்குள்ளயே போட்டுத் தண்ணி விடலாம். ஆனா கை துடைக்க நிறைய இடத்துல ஒண்ணும் இருக்காது. அந்த ஊர்ப் பெண்கள் எல்லாரும் கைப்பையில சின்னத் துண்டு வெச்சிருப்பாங்க, நீயும் வெச்சுக்கோ.

வெந்நீர் ஊத்துக் குளியல், ஒன்சென், அதைப் பத்தி நேராவே சொல்லிடுறேன். பெரும்பாலும் ஆண், பெண் தனித்தனி. ஆனா துணி இல்லாமத்தான் இறங்கணும், நைட்டியோ நீச்சல் உடையோ கூடாது. முதல்ல ஸ்டூல்ல உட்கார்ந்து சோப்புப் போட்டு நல்லாக் குளிச்சுட்டு, தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு, துண்டு தண்ணியில படாம இறங்கு. அங்கே பாட்டி, அம்மா, பேத்தின்னு மூணு தலைமுறை சேர்ந்து வந்து அமைதியா உட்கார்ந்திருப்பாங்க, யாரும் யாரையும் பார்க்க மாட்டாங்க. கூச்சமா இருந்தா, குடும்பத்துக்குன்னு மணிக்கணக்குல தனியாத் தர்ற குளியலறை பல இடத்துல இருக்கு, அதை எடு. பச்சை குத்தின உடம்போட வர்றவங்களைப் பல இடத்துல விட மாட்டாங்க. கை மேல பெயர் பச்சை குத்தின பாட்டி கூட வந்தாங்கன்னா முன்னாடியே கேட்டுக்கோ. குளிச்சு வந்ததும் யுகாதாங்கிற பருத்தி அங்கியைக் கட்டுறப்போ, உன் இடப்பக்கத் துணி மேல வரணும். வலப்பக்கம் மேல வர்ற மாதிரி, இறந்தவங்களுக்குத்தான் கட்டுவாங்க.

தெருவுல

முதல் நாள் உனக்கு ஆச்சரியமா இருக்குறது குப்பைத்தொட்டியைக் காணோமேங்கிறதுதான். 1995ல டோக்கியோ சுரங்க ரயில்ல விஷவாயுத் தாக்குதல் நடந்தப்புறம் பொது இடத்துத் தொட்டிகள்ல பலதை எடுத்துட்டாங்க. தெரு எப்படிச் சுத்தமா இருக்குன்னா, அவங்கவங்க குப்பையை அவங்கவங்க வீட்டுக்குக் கொண்டு போறாங்க. பள்ளிக்கூடத்துல வகுப்பைப் பெருக்கித் துடைக்குறதும் பிள்ளைங்கதான், மதியச் சாப்பாட்டை வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டுப் பரிமாறுறதும் பிள்ளைங்கதான். அதைப் பார்த்து எனக்குப் பொறாமையா இருந்துச்சு, நம்ம பிள்ளைங்களுக்கும் இந்தப் பழக்கம் வரணும்னு ஏக்கமாவும் இருந்துச்சு. கைப்பையில ரெண்டு கவரை மடிச்சு வெச்சுக்கோ. நடந்துக்கிட்டே சாப்பிடாதே, வாங்கின கடை வாசல்லயே நின்னு சாப்பிட்டா குச்சியையும் கப்பையும் அவங்களே வாங்கிக்குவாங்க.

காலையில ஏழரை, எட்டு மணிக்கு ஏதாவது ஒரு சாதாரணக் குடியிருப்புத் தெருவுல நட. முதுகுல கெட்டித் தோல்பை, மஞ்சள் தொப்பி, ஆறு வயசுக் குழந்தைங்க பெரியவங்க துணையில்லாமக் கூட்டமாப் பள்ளிக்கூடம் போகும். சிக்னல்ல கையை உசத்திக்கிட்டு ரோட்டைக் கடக்கும். முனையில ஒரு தாத்தாவோ பாட்டியோ கொடி பிடிச்சு நிப்பாங்க. சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல பல ஊர்கள்ல தெரு ஒலிபெருக்கியில ஒரு பழைய குழந்தைப் பாட்டோட மெட்டு கேக்கும். நிலநடுக்க அறிவிப்புக்காக வெச்ச ஒலிபெருக்கி வேலை செய்யுதான்னு சோதிக்குறதும், விளையாடுற பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்புறதும் அந்த ஒரே மெட்டுல முடியுது. இதுக்கெல்லாம் டிக்கெட் கிடையாது. உன் பயணத் திட்டத்துல ஒரு நாளை எதுவும் பார்க்காத நாளா ஒதுக்கி வை. குழந்தைங்களைப் படம் மட்டும் எடுக்காதே.

படம்னதும் இன்னொண்ணு. கியோட்டோவோட கியோன் பகுதியில, கிமோனோ கட்டின மைக்கோ பெண்கள், அதாவது கெய்ஷா பயிற்சியில இருக்குறவங்க, வேலைக்குப் போறப்போ வழிமறிச்சுப் படம் எடுக்குற தொல்லை தாங்காம, 2024ல இருந்து அங்கே இருக்குற தனியார் சந்துகளுக்குள்ள சுற்றுலா வர்றவங்க நுழையத் தடை போட்டுட்டாங்க. மீறினா 10,000 யென் அபராதம்னு போர்டே இருக்கு. அவங்க வேலைக்குப் போற பெண்கள். நம்மளை ஒருத்தர் பஸ் ஸ்டாப் வரைக்கும் துரத்திப் படம் எடுத்தா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாரு.

அம்மாவுக்காக ரெண்டு கோயில்

நம்ம சரஸ்வதி புத்த மதத்தோட சீனா வழியா அங்கே போய், பென்சைத்தென்ங்கிற பேர்ல கையில பிவா வாத்தியத்தோட இருக்காங்க. டோக்கியோ கிச்சிஜோஜி பக்கத்துல இனோகாஷிரா பூங்காக் குளத்துல சிவப்புக் கோயில் இருக்கு, போய்க் கும்பிட்டுட்டு வரலாம். அசாகுசாவுல எல்லாரும் பார்க்குற பெரிய கோயில்ல இருந்து கொஞ்ச தூரம் நடந்தா மத்சுசியாமா ஷோதென் வரும். அங்கே இருக்குறது கன்கிதென், நம்ம பிள்ளையார்தான். விக்கிரகத்தைத் திரைக்குள்ள வெச்சிருக்கிறதால நேர்ல பார்க்க முடியாது. நைவேத்தியம் என்ன தெரியுமா? வெள்ளை முள்ளங்கி! கோயில்லயே முழு முள்ளங்கி விக்கிறாங்க, வாங்கிப் படைக்கலாம். கூட்டமும் இருக்காது. கைடு புத்தகத்துல இருக்குற பத்துக் கோயிலைவிட அம்மாவுக்கு இந்த ஒண்ணு பிடிக்கும்.

கும்பிடுற முறை: ஷிந்தோ கோயில்னா வாசல் தொட்டியில கையும் வாயும் கழுவிட்டு, ரெண்டு தடவை குனிஞ்சு, ரெண்டு தடவை கை தட்டி, மறுபடி ஒரு தடவை குனியணும். புத்தர் கோயில்ல கை தட்டக்கூடாது, நம்ம மாதிரிக் கும்பிட்டாப் போதும்.

பயப்படாம இரு, தயாரா இரு

நிலம் ஆடும். லேசா ஆடினா அங்கே யாரும் பேச்சைக்கூட நிறுத்த மாட்டாங்க. பலமா ஆடினா வெளியே ஓடாதே, மேஜைக்கு அடியில போய்த் தலையைப் பாதுகாத்துக்கோ. கடலோரமா இருந்தா, ஆட்டம் நின்னதும் உடனே மேட்டுக்குப் போ. 'சேஃப்டி டிப்ஸ்'ங்கிற ஆப்பைப் போன்ல போட்டுக்கிட்டா ஆங்கிலத்துல எச்சரிக்கை வரும். போலீஸுக்கு 110, ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119. பர்ஸோ போனோ தொலைஞ்சா பக்கத்துல இருக்குற 'கோபான்', சின்னப் போலீஸ் சாவடிக்குப் போய்ச் சொல்லு. நம்பிக்கையோட போ, தொலைச்சது திரும்பக் கிடைச்சவங்க நிறையப் பேர்.

வழி தெரியாம நின்னா, "சுமிமாசென்"னு மெதுவாக் கூப்பிடு. இங்கிலீஷ் தெரியாட்டியும் அந்த இடம் வரைக்கும் கூடவே நடந்து வந்து விட்டுட்டுப் போறவங்களைப் பார்த்திருக்கேன். குனிஞ்சு "அரிகாதோ கொசாய்மாசு"ன்னு சொல்லு. குரல் மட்டும் கொஞ்சம் தணிவா இருக்கட்டும்.

எப்போ போறதுன்னு இன்னும் முடிவு பண்ணலைன்னா: டோக்கியோவுல செர்ரிப் பூ மார்ச் கடைசி, ஏப்ரல் ஆரம்பத்துல. இலை சிவக்குறது நவம்பர்ல. ஏப்ரல் 29ல இருந்து மே 5 வரைக்கும், ஆகஸ்ட் நடுவுல, வருஷப் பிறப்பை ஒட்டி, இந்த மூணு சமயமும் அந்த ஊர்க்காரங்களே ஊருக்குப் போற நேரம், ரயிலும் ஹோட்டலும் நிறைஞ்சு வழியும். ஜூன்ல மழை, ஆகஸ்ட்ல புழுக்கம் நம்ம சென்னையே தேவலைங்கிற அளவுக்கு. வயசானவங்களோட போறதுக்கு நவம்பர்தான் நல்லது, நடக்கத் தோதான குளிர். ஹோட்டல் ரூம் ரொம்பச் சின்னதா இருக்கும், போட்டோவைப் பார்க்காம சதுர மீட்டரைப் பார்த்துப் போடு. அம்மாவோட பாஸ்போர்ட் காலாவதி ஆயிடுச்சான்னு இன்னைக்கே எடுத்துப் பாரு தங்கச்சி. அவங்க முட்டி ஒத்துழைக்கும்போதே கூட்டிட்டுப் போ.